மூடியின் மேல் உட்கார்ந்தவள்

அந்தக் குளிர்காலத்தில் பனி விழவில்லை. கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது. ஹார்யு ஏரி இரண்டடி கனத்துக்கு உறைந்து கிடந்தது. கரையில் மட்டும் புல் பழுப்பேறி மொட்டையாக நின்றது. வழியில் குவியும் பனியை வாரித் தள்ளுகிற வேலை மிச்சம் என்று வெளியூர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். எங்களுக்கு மொட்டைத் தரையைப் பார்த்தாலே பயம். பனிதான் பூமிக்குப் போர்வை. அது இல்லாமல் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி என்று நாலு நாள் அடித்தால் குளிர் மண்ணுக்குள் ஆறடி இறங்கிவிடும். போகிற வழியில் கழிவுக்குழாய் இருந்தால் அதையும் பிடித்து இறுக்கிவிடும்.

ரெய்னோ கோர்ப்பி வீட்டுக் கழிவுக்குழாய் ஜனவரி கடைசி வாரத்தில் உறைந்தது.

நான் அந்தச் சாலையில் இருபத்தொன்பது வருஷம் தபால் போட்டவன். யார் வீட்டுப் புகைபோக்கியில் எப்போது புகை வரும், யார் வீட்டு நாய் எந்தப் பக்கத்திலிருந்து பாயும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ரெய்னோ மரம் ஏற்றும் லாரி ஓட்டினான். பெரிய உருவம், சின்னக் குரல். அவன் பெண்டாட்டி மார்லிஸ், தெற்கே சோளம் விளைகிற சமவெளியிலிருந்து வந்தவள். ஊரில் முதியோர் இல்லத்தில் சலவை வேலை. இரண்டு பெண் பிள்ளைகள், பதினொன்றும் ஏழும். ரெய்னோவின் தம்பி டாய்மி அரை மைல் தள்ளி அதே சாலையில் இருந்தான். அவன் பெண்டாட்டி லவோன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அவர்களுக்கு ஒரு பெண், ஒன்பது வயது. அண்ணனும் தம்பியும் ஒரே ரம்பத்தை மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். பெண்டாட்டிகள் இருவரும் அப்படி ஒட்டவில்லை, வெட்டிக்கொள்ளவும் இல்லை. பதினாலு வருஷம் ஆன பிறகும் லவோனுக்கு மார்லிஸ் வெளியூர்க்காரிதான்.

எங்கள் பக்கம் களிமண். கழிவுநீர் தானாக இறங்காது. அதனால் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தொட்டி புதைப்பார்கள். முதல் தொட்டியில் கசடு தங்கும். தெளிந்த நீர் இரண்டாவது தொட்டிக்குப் போகும். அங்கே ஒரு பம்ப் இருந்து, அந்த நீரைக் கொல்லையில் கட்டிவைத்த மணல்மேட்டுக்குத் தள்ளும். தொட்டிக்கும் மேட்டுக்கும் நடுவே போகிற குழாய்தான் உறைந்தது. தள்ள வழியில்லாமல் பம்ப் ஓடி ஓடி எரிந்துபோனது. வியாழக்கிழமை மார்லிஸ் துணி துவைக்கக் கீழறைக்கு இறங்கினபோது தரைத் துவாரத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை உறிஞ்சும் லாரி வந்து இரண்டு தொட்டியையும் காலி செய்துவிட்டுப் போனது. உறைந்த குழாயை நீராவியால் உருக்க வேறு ஆள் வர வேண்டும். அவனுக்கு அந்த வாரம் நாற்பது வீடு காத்திருந்தது. அவன் வருவதற்குள் பம்பையாவது மாற்றிவைப்போம் என்று சனிக்கிழமை பகலில் ரெய்னோ மூடியைத் திறந்தான். டாய்மி உதவிக்கு வந்திருந்தான். பம்பை மேலே இழுக்கிற கயிறு உளுத்துப்போயிருந்தது, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

"ஏணியப் போடு, இறங்கி எடுத்துடறேன்" என்றான் ரெய்னோ.

மார்லிஸ் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "அந்த லாரிக்காரனையே திங்கக்கிழமை வரச் சொல்லலாமே."

"திங்கக்கிழமை வரைக்கும் எல்லாரும் வாளியிலயா போறது?"

"போனா என்ன?"

"இவன் போக மாட்டான்" என்றான் டாய்மி. "சின்னப் பிள்ளையிலேயே இவனுக்குக் கதவும் தாழ்ப்பாளும் வேணும்."

ரெய்னோ சிரித்தான். "நேத்துதானே காலி பண்ணினாங்க. அடியில முழங்கால் அளவு சகதி. அஞ்சு நிமிஷ வேலை. நீ காபி போடு."

மார்லிஸ் காபி போடப் போனாள். அதற்குமேல் தான் தடுக்காததைப் பிற்பாடு அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டி மோசம் என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. ரெய்னோவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடிச் சகதியைக் காலால் கலக்கினால் அதற்குள் அடைந்து கிடக்கிற வாயு கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம். அடுத்த மூச்சில் அந்த நாற்றமும் தெரியாது. அது மூக்கைத்தான் முதலில் கொல்லும்.

அவள் இரண்டு கோப்பையோடு வெளியே வந்தபோது டாய்மி குழியின் விளிம்பில் மண்டியிட்டு உள்ளே கத்திக்கொண்டிருந்தான். "ரெய்னோ. ஏய், ரெய்னோ. எந்திரிடா."

அவள் எட்டிப் பார்த்தாள். ரெய்னோ ஏணிக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான், வேலை முடிந்து களைத்த ஆள் மாதிரி. தாடை மார்பில் இறங்கியிருந்தது. சகதி இடுப்பு வரை இருந்தது.

டாய்மி ஏணியில் காலை வைத்தான். மார்லிஸ் அவன் கோட்டைப் பிடித்தாள்.

"போகாத. உள்ள என்னமோ இருக்கு. நான் போன் பண்றேன், போகாத டாய்மி."

"என் அண்ணன், விடு."

அவன் உதறிக்கொண்டு இறங்கினான். நாலாவது படியிலேயே அவன் கால் தடுமாறியது.

தீயணைப்பு வண்டி வர முப்பத்தோரு நிமிஷம் ஆனது. எங்களுக்குத் தீயணைப்பு என்பது ஊர்க்காரர்கள்தான். அவரவர் வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். தலைவர் ஆர்ன் சுண்ட் முகமூடியும் காற்று உருளையும் மாட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டு பேரையும் கயிறு கட்டி மேலே எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் உயிர் இல்லை. மார்லிஸ் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி, கோட்டு இல்லாமல், வெறும் வீட்டுச் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகள் ஊரில் சறுக்கு விளையாடப் போயிருந்தார்கள்.

ஆர்ன் அவளிடம் சொன்னதை நான் கேட்டேன். தகவல் தெரிந்து நானும் அங்கே போயிருந்தேன். "நீ இறங்காததுதான் சரி, மார்லிஸ். இறங்கியிருந்தா நான் மூணு பேரைத் தூக்கியிருப்பேன். அந்தப் பொண்ணுங்க ரெண்டும் வந்து யார்கிட்ட நின்னிருக்கும்?"

ஆர்ன் போர்வையை அவள் தோளில் போட்டார். அது நழுவிக் கீழே விழுந்தது. அவளுக்கு அது விழுந்ததே தெரியவில்லை.

தரை அப்படி உறைந்திருந்ததால் புதைக்க முடியவில்லை. இரண்டு பெட்டியும் மே மாதம் வரை கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் காத்திருந்தன. ஆனால் ஜெபம் உடனே நடந்தது. தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் காபியும் கம்பு ரொட்டியும் வைத்திருந்தார்கள். லவோன் கறுப்பு உடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மார்லிஸ் இரண்டு பெண்களையும் கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றாள்.

லவோன் தலையைத் தூக்கினாள். "எவ்வளவு நேரம் நின்ன?"

"லவோன்..."

"முப்பத்தோரு நிமிஷம்னு ஆர்ன் சொன்னாரு. முப்பத்தோரு நிமிஷம் மேல நின்னு கீழ பாத்துக்கிட்டிருந்திருக்க. கராஜுல கயிறு இருந்துச்சு. எத்தனை கயிறு இருந்துச்சுன்னு எனக்கே தெரியும்."

கூடத்தில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. மார்லிஸின் பெரிய பெண் லவோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்லிஸ் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படியேறி வெளியே போய்விட்டாள். பாதிரியார் பின்னாலேயே போனார். ஆனால் அவள் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தாள்.

அந்தப் பேச்சு ஊருக்குள் ஒட்டிக்கொண்டது. மேலே நின்னு பாத்தவ. யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்வதில்லை. கடையில் அவள் நுழைந்தால் பேச்சு வானிலைக்கு மாறிவிடும். ஆர்ன் போகிற இடமெல்லாம் விளக்கிப் பார்த்தார், வாயுவைப் பற்றி, நொடிக்கணக்கைப் பற்றி. விளக்கத்துக்குத் தலையாட்டினவர்கள் அவர் போனதும் லவோனுக்காகவும் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். என் மனைவி ஒருநாள் கேட்டாள், "நான் அந்தக் குழிக்குள்ள விழுந்தா நீ என்ன பண்ணுவ?" இறங்குவேன் என்று உடனே சொன்னேன். சொன்னது எனக்கே பெருமையாக இருந்தது. அது எவ்வளவு மலிவான பெருமை என்று அப்போது தெரியவில்லை.

மார்லிஸ் வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே போய்விடுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். அவளும் அதற்குத்தான் பார்த்தாள். ஆனால் கழிவுத்தொட்டி கெட்டுப்போன வீட்டை எங்கள் மாவட்டத்தில் விற்க முடியாது. முதலில் சரிசெய்ய வேண்டும். பூமி இளகும் வரை சரிசெய்யவும் முடியாது. ஆகவே பிப்ரவரியிலிருந்து மே வரை நாலு மாதமும் அந்த மூன்று பெண்களும் வாளியில் போனார்கள். மார்லிஸ் மூடியோடு கூடிய வாளியைக் கொல்லைக் காட்டோரத்துக் கழிப்பறைக்கு, ரெய்னோவின் அப்பா காலத்து மரக் கழிப்பறைக்கு, தினம் காலையில் தூக்கிக்கொண்டு போவாள். போகிற வழி அந்தக் குழியின் பக்கமாகத்தான். பாத்திரம் கழுவின தண்ணீரும் வாளியில்தான். நான் தபால் போடப் போகும்போது சில நாள் பார்ப்பேன். ஒருமுறை "கொண்டா, நான் தூக்கறேன்" என்றேன்.

"உங்க வீட்டு வாளியா இது?" என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

மே மாதக் கடைசியில் சவப்பெட்டிகளைப் புதைத்தார்கள். அடுத்த வாரமே தோண்டும் இயந்திரம் வந்தது. பழைய தொட்டிகளை உடைத்து மணல் கொட்டி மூடினார்கள். புதிய தொட்டிகளை வீட்டின் மறுபக்கம் புதைத்தார்கள். வேலைக்காரர்கள் சாப்பிடப் போனபோதும் மார்லிஸ் அங்கேயே நின்றாள். பம்பை மேலிருந்தே கொக்கி போட்டு எடுக்கிற மாதிரி அமைக்கச் சொன்னாள். துருப்பிடிக்காத சங்கிலி, கான்கிரீட் மூடிக்குக் கீழே இரும்புக் கம்பிவலை, வலைக்கு ஒரு பூட்டு. மேஸ்திரி சிரித்தார், "அம்மா, இது என்ன பேங்கா?"

"இதுக்குள்ள ஒரு பூனைகூட இறங்கக் கூடாது" என்றாள்.

இதற்குள் வீட்டை விற்கும் எண்ணம் போய்விட்டது. ஏன் என்று நான் கேட்டதில்லை. போனால் ஓடிப்போனவள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள் என்பது காரணமாக இருக்கலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட மாட்டோம் என்று அழுதார்கள் என்றும் கேள்வி.

அதிலிருந்து குளிர்காலம் என்றால் அவளுக்கு அந்தக் குழாய்தான். ஆகஸ்டுக்குப் பிறகு தொட்டிமேலும் மேட்டுமேலும் புல் வெட்ட மாட்டாள். நீண்ட புல் பனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அக்டோபரில் வைக்கோல் கட்டுகளைப் பிரித்து முழங்கால் உயரத்துக்குப் பரப்புவாள். காற்று பனியை அடித்துப்போகாமல் இருக்கக் குச்சிவேலி நடுவாள். பனி விழுந்த பிறகு அந்தப் பக்கம் ஒரு கால் படக்கூடாது. மிதித்த பனி கெட்டியாகிக் குளிரைக் கீழே கடத்தும் என்பாள். பனிவண்டி ஓட்டுகிற பையன்கள் அவள் கொல்லைப் பக்கம் வந்தால் வாசலில் வந்து நிற்பாள். அவர்கள் திரும்பிவிடுவார்கள். வீட்டுக்குள் சொட்டுகிற குழாயை ஒரு நாள்கூட விட்டுவைக்க மாட்டாள். சொட்டுச் சொட்டாகப் போகிற தண்ணீர்தான் கழிவுக்குழாய்க்குள் மெழுகுவர்த்தி மாதிரி அடுக்கடுக்காக உறையும். துணிகளை ஒரே நாளில் துவைக்காமல், கழிவுக்குழாயில் சூடு ஆறாமலிருக்கத் தினம் கொஞ்சம் வெந்நீரில் துவைப்பாள். குளிர்காலத்தில் ஒரு இரவுகூட அவள் வீட்டைவிட்டு வெளியே தங்கினதில்லை. பெரிய பெண்ணுக்குக் குடல்வால் அறுவை நடந்த அன்றுகூட மருத்துவமனையிலிருந்து எழுபது மைல் ஓட்டிவந்து, வெந்நீரைத் திறந்துவிட்டு, திரும்ப எழுபது மைல் ஓட்டிப் போனாள்.

ஊர் இதையும் பேசியது. "புருஷனுக்குக் காட்டாத அக்கறைய குழாய்க்குக் காட்டறா" என்று ஒருத்தி சொல்ல, நாலு பேர் காபிக் கோப்பைக்குள் சிரித்தார்கள்.

ஆறு குளிர்காலம் அப்படிப் போனது. ஏழாவது, மறுபடியும் பனி இல்லாத வருஷம்.

இதற்குள் லவோன் வீட்டில் கோர்டி என்று ஒருவன் வந்து சேர்ந்திருந்தான். சுரங்கம் மூடிப் பிழைப்புத் தேடி மேற்கிலிருந்து வந்தவன். கெட்டவன் இல்லை. வேலை இருந்தால் செய்வான், இல்லாவிட்டால் குடிப்பான். தெரியாது என்ற வார்த்தை மட்டும் அவன் வாயில் வராது. பிப்ரவரி முதல் வாரம் லவோன் வீட்டுக் குழாயும் உறைந்தது. அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் கோர்டி தொட்டியைத் திறந்தான்.

மார்லிஸ் தீவனக் கடைக்குப் போய்விட்டுக் கோழித் தீவனத்தோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். லவோன் வீட்டைத் தாண்டும்போது கொல்லையில் ஏணி தெரிந்தது, ஏணியின் மேல்முனை மட்டும். அவள் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு ஓடினாள். கோர்டி வீட்டுக்குள் கைவிளக்கு எடுக்கப் போயிருந்தான். அவள் ஏணியை உருவித் தூர எறிந்தாள். கான்கிரீட் மூடியைப் புரட்டித் தள்ளி மூடினாள். எப்படித் தள்ளினாள் என்று தெரியாது, அது இரண்டு ஆண்கள் தூக்குகிற எடை. பிறகு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

நான் தபாலோடு வந்தபோது மணி பன்னிரண்டரை இருக்கும். சாலை நடுவில் அவள் வண்டி, கதவு திறந்தபடி. கொல்லையில் கோர்டி கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"இவளக் கொஞ்சம் கேளுங்க வில்லிஸ். என் கொல்லையில வந்து சட்டமா உக்காந்திருக்கா. நான் உள்ளகூடப் போகல. தலையக் குனிஞ்சு பாக்கத்தான் போனேன்."

"தலை உள்ள போனாலே போதும்" என்றாள் மார்லிஸ்.

"நீ எந்திரிக்கப் போறியா, நான் தூக்கட்டுமா?"

"தூக்கிப் பாரு."

அவன் தூக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் யாரும் தூக்கியிருக்க மாட்டார்கள். நான் பக்கத்தில் போனேன். அவள் காலில் சாதாரண ரப்பர் பூட்ஸ், பஞ்சு வைத்தது இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது, காற்று வேறு.

"நீ போய் வண்டியில உக்காரு மார்லிஸ். நான் இங்க நிக்கறேன்."

"நீங்க நின்னா இவன் உங்களப் பேசியே நகத்திடுவான். போய் லாரிக்காரனுக்கும் நீராவிக்காரனுக்கும் போன் பண்ணுங்க. ரெண்டு பேரும் வந்தப்புறம் எந்திரிக்கறேன்."

லவோன் வீட்டுத் தொலைபேசி துண்டிக்கப்பட்டிருந்தது. நான் என் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். லாரி இரண்டு மணி நேரத்தில் வரும், நீராவிக்காரன் மறுநாள் என்றார்கள். இரண்டு கம்பளியும் தெர்மாஸில் காபியும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். கம்பளியை வாங்கிப் போர்த்திக்கொண்டாள். காபியைப் பிடிக்க அவள் விரல் மடங்கவில்லை. நான் கோப்பையை வாயில் வைத்துக் கொடுத்தேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வலி போயிடுச்சு" என்றாள். அது நல்ல செய்தி இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

"போதும், வா" என்றேன்.

"லாரி வரட்டும்."

கோர்டி சலித்துப்போய் வீட்டுக்குள் போய்விட்டான். ஆனால் ஜன்னலில் அவன் தலை தெரிந்துகொண்டே இருந்தது.

இரண்டு மணி வாக்கில் லவோனின் கார் வந்தது. அவள் இறங்கி, தூரத்தில் கிடந்த ஏணியைப் பார்த்தாள். பிறகு மூடியைப் பார்த்தாள், மூடிமேல் இருந்தவளைப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சமையலறை வலைத்தொப்பி இன்னும் அவள் தலையில் இருந்தது. கோர்டி வெளியே வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.

"உள்ள போ" என்றாள் லவோன், அவன் பக்கம் திரும்பாமலே.

"நான் சும்மா பாக்கத்தான்..."

"உள்ள போன்னு சொன்னேன்."

அவன் போனான். லவோன் மெதுவாக நடந்து வந்தாள். நான் ஒதுங்கினேன், ஆனால் காற்று என் பக்கம் அடித்தது, எல்லாம் கேட்டது.

"இப்ப மட்டும் வந்துட்ட" என்றாள் லவோன்.

மார்லிஸ் கம்பளிக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவனுக்கு வந்து உக்காருவ. என் டாய்மிக்கு உக்காரத் தோணல."

"கோட்டைப் பிடிச்சேன். உதறிட்டாரு."

"அத நீ எனக்குச் சொல்லவே இல்லையே."

"நீ கேக்கல. எவ்வளவு நேரம் நின்னேன்னுதான் கேட்ட."

லவோனின் குரல் இப்போது வேறு மாதிரி வந்தது. "ஏதாவது சொன்னாரா? உள்ள போனப்புறம்?"

"சொல்லல."

"உடனே போயிட்டாரா?"

மார்லிஸ் அவளைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். உடனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் மனதுக்குள் அவள் அதைச் சொல்ல வேண்டும் என்று வேண்டினேன்.

"இல்ல" என்றாள். "விழுந்து, ஏணியப் பிடிச்சு எந்திரிச்சாரு. மேல பாத்தாரு. கைய நீட்டினாரு. நான் விளிம்புல குப்புறப் படுத்திருந்தேன். நானும் நீட்டினேன், அவரு கையுறை கைக்கு எட்டுச்சு."

லவோன் அசையவில்லை.

"அவரு நூத்திப்பத்து கிலோ. பிடிச்சா என்னையும் இழுத்துடுவாருன்னு தெரிஞ்சுது. பொண்ணுங்க ஞாபகம் வந்துச்சு. கைய வெடுக்குன்னு இழுத்துக்கிட்டேன். உள்ள ஓடிப் போய் போன் பண்ணினேன். திரும்பி வந்தப்ப அவரு விழுந்திருந்தாரு."

காற்றில் வைக்கோல் துரும்பு ஒன்று பறந்து லவோனின் கோட்டில் ஒட்டியது. அவள் மூச்சு வெள்ளையாக வெளியே வந்து வந்து போனது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் குறுக்கே போவதா வேண்டாமா என்று கூட எனக்குத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் லவோன் கடைசியில். "அவரோட ஒரு கையுறை மேல கிடந்துச்சு, விளிம்புல. ஆர்ன் எங்கிட்டக் கொடுத்தாரு. உள்ள இறங்குனவன் கையுறை எப்படி மேல வரும்னு ஏழு வருஷமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

பிறகு திரும்பி நடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மார்லிஸை உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

லாரி இரண்டே முக்காலுக்கு வந்தது. ஓட்டுநர் மூடியைத் தூக்கி, ஏணியில்லாமல், மேலிருந்தே குழாயை விட்டு உறிஞ்சினார். அதைப் பார்த்த பிறகுதான் மார்லிஸ் எழுந்தாள், எழுந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். நானும் ஓட்டுநரும் அவளைத் தூக்கி என் வண்டியில் போட்டோம். மருத்துவமனையில் பூட்ஸை வெட்டி எடுத்தார்கள். இடது காலில் மூன்று விரல்கள் கறுத்துப் போயிருந்தன. பத்து நாள் பொறுத்துப் பார்த்தும் உயிர் வரவில்லை, எடுத்துவிட்டார்கள். அந்தப் பத்து நாளும் அவள் வீட்டுக்குப் போய் வெந்நீர் திறந்துவிட்டவன் நான். திறந்தேனா, எத்தனை நிமிஷம் திறந்தேன் என்று தினம் போனில் கேட்டாள்.

லவோன் மருத்துவமனைக்கு வரவில்லை, ஒரு அட்டைகூட அனுப்பவில்லை. கோர்டி அந்த வசந்தத்தில் மேற்கே போய்விட்டான். ஆனால் ஒன்று நடந்தது. மேலே நின்று பார்த்தவள் என்ற பேச்சை லவோன் அதற்குப்பிறகு எடுக்கவில்லை. ஏழு வருஷமாக அவள்தான் அதை ஊதிக் கனலாக வைத்திருந்தாள். அவள் நிறுத்தியதும் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களுக்கும் ருசி போய்விட்டது. மார்லிஸ் கையை இழுத்துக்கொண்டதையும் லவோன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மார்லிஸ் அந்த ஊரில் ஒரு ரொட்டி வாங்கியிருக்க முடியாது. நானும் சொல்லவில்லை. இருவரும் கடையில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவார்கள். அதுதான் அவர்களுக்குள் மிஞ்சியிருந்த உறவு.

பதினோரு வருஷம் கழித்து லவோன் நுரையீரல் நோயில் போனாள். போனது டிசம்பரில், புதைத்தது மே மாதம். கல்லறைக்குக் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். மார்லிஸ் என்னோடு வந்தாள். அந்தக் கால் கிளட்ச்சை அழுத்தச் சிரமப்படுவதால் தூரம் ஓட்டுவதை விட்டிருந்தாள். டாய்மிக்குப் பக்கத்தில் லவோனை இறக்கினபோது அவள் வேலியோரமாக, எல்லோருக்கும் பின்னால் நின்றாள். அங்கிருந்து நாலு எட்டில் ரெய்னோவின் கல். அந்தப் பக்கம் அன்று அவள் போகவில்லை.

முடிந்ததும் லவோனின் பெண் டாமி வந்தாள். அப்பா செத்தபோது அவளுக்கு ஒன்பது வயது.

"பெரியம்மா, சர்ச் கீழ்க்கூடத்துல காபி வெச்சிருக்கு. வாங்க."

"இல்லம்மா, வேலை கிடக்கு."

டாமி கொஞ்சம் தயங்கினாள். "அம்மா கடைசில ஆக்ஸிஜன் வெச்சிருந்தப்ப ஒரு நாள் உங்களப் பத்திக் கேட்டாங்க. கால் எப்படி இருக்குன்னு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன். எனக்குத் தெரியாதே."

மார்லிஸ் தலையசைத்தாள். டாமியின் கையை ஒருமுறை பிடித்து விட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரையோரம் கறுத்துக் கிடந்தது. அன்றைக்குப் பொய் சொல்லியிருக்கலாமே என்று, இத்தனை வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததை நான் கேட்டுவிட்டேன்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள். "ரொம்பக் குளிரா இருந்துச்சு வில்லிஸ். பொய் யோசிக்க முடியல."

வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். கொல்லையில் போன அக்டோபரில் பரப்பின வைக்கோல் நனைந்து அழுகி நாறிக்கொண்டிருந்தது. அவள் நல்ல உடையைக்கூட மாற்றவில்லை. வைக்கோல் வாரும் கவைக்கோலை எடுத்துக்கொண்டு போய், நொண்டியபடி, அதை வாரி ஓரமாகக் குவிக்க ஆரம்பித்தாள்.